தோளுக்கு ஏற்ற துவக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒருவர் துவக்கு எடுக்கப் போகிறார் என்ற கதை வெளியே வந்தால் போதும், வாடிக்கு வாடி ஆலோசனை கிளம்பிவிடும். வெல்லாவெளிப் பக்கத்து ஆள் இரட்டைக்குழல்தான் என்பார். ஆயித்தியமலைக்காரர் ஒற்றைக்குழல் போதும், குழல் நீளமாக இருக்கவேண்டும் என்பார். உன்னிச்சைக் குளத்தடியில் நிற்பவருக்கு இரண்டிலும் திருப்தி இருக்காது. எல்லோரும் ஒத்துப்போகிற இடம் ஒன்றுதான்: பெரிதாக இருக்கவேண்டும், அடி பலமாக விழவேண்டும். அந்தப் பலத்தில் ஒரு பங்கு சுடுகிறவனுடைய தோளில்தான் இறங்கப்போகிறது என்பதை அந்த ஆலோசனைக் கூட்டத்தில் யாரும் எடுப்பதில்லை.

நான் வெள்ளாமைக்காரன். பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கிறேன். ஆண்டு முடிவில் அதைப் புதுப்பிக்கும் அலைச்சலும் பழகிவிட்டது. பழைய துவக்குகளைத் திறந்து, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிற ஆசை இளவயதிலேயே ஒட்டிக்கொண்டது. அதனால் ஊரில் துவக்கு வாங்குகிறவர்கள் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் சொல்வது பெரும்பாலும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. இரண்டாவது வெடியையும் முதலாவதைப் போலவே வைக்க முடிந்தால் அந்தத் துவக்கு உனக்குப் பலமானது. முடியாவிட்டால் அது எத்தனை பெரிதாக இருந்தாலும் பலவீனமானது. என் கட்சி இவ்வளவுதான்.

முதலில் இங்கே துவக்குக்கு என்ன வேலை என்று பார்க்கவேண்டும். மாரி வெள்ளாமை குடலைக்கு வந்து பால் பிடிக்கிற நாட்களில் பன்றி இறங்கும். கூட்டமாக வரும், ராவில் வரும், கதிரைத் தின்பதைவிட மிதித்து உழக்குவது அதிகம். பரணில் இருக்கிறவனுக்குப் பன்றி தெரிகிற தூரம் இருபது யார், மிஞ்சினால் முப்பது யார். அதற்கு அப்பால் இருட்டுக்குள் ஏதோ அசைகிறது என்பது மட்டும்தான் தெரியும். அசைவதையெல்லாம் நோக்கி வெடி வைக்கிறவன் கையில் துவக்கே இருக்கக்கூடாது. தண்ணீர் கட்டப்போன பக்கத்து வயற்காரனும் இருட்டில் அசைகிற ஒரு நிழல்தான்.

யானை வேறு சங்கதி. 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் யானையைச் சுடவிடாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் சன்னத்தோட்டாவால் யானை விழாது. தோலுக்குள் சன்னம் ஏறி, புண் புரையோடி, நோவோடு திரிகிற யானையாக அது மாறும். மறுகா அந்த யானை எந்த ஊருக்குள் புகுந்து என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. யானைக்கு வனசீவராசிகள் திணைக்களம் தருகிற யானை வெடி இருக்கிறது, தீப்பந்தம் இருக்கிறது, கூட்டமாகச் சேர்ந்து போடுகிற சத்தம் இருக்கிறது. துவக்கால் செய்யக்கூடியது வானத்தை நோக்கி ஒரு வெடி. வானத்துக்கு வைக்கிற வெடிக்குக் கனத்த தோட்டா எதற்கு?

ஆகவே நமக்கு வேண்டியது முப்பது யாருக்குள் ஒரு பன்றியை நோகவிடாமல் விழுத்துகிற பலம். இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கணக்குத்தான்.

12 போர் என்றால் அந்தக் குழலுக்குள் சரியாக இறங்கும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்து ஒரு இறாத்தல். 16 போர் என்றால் பதினாறு குண்டுக்கு ஒரு இறாத்தல். அதனால்தான் எண் பெருக்கப் பெருக்கக் குழல் ஒடுங்கும். 12 போரின் குழல் 18.5 மில்லிமீற்றர், 16 போர் 16.8, 20 போர் 15.6. பழைய ஆங்கிலேயத் துவக்கின் 12 போர் தோட்டாவில் ஒரு அவுன்சுக்குச் சற்றுக் கூடுதலாக, 30 கிராம் அளவில் சன்னம் இருக்கும். எஸ்.ஜி. சன்னம் அவுன்சுக்கு எட்டு. அந்தத் தோட்டாவில் ஒன்பது சன்னம் வரை அடங்கும். எல்.ஜி. இன்னும் பெரிது, அவுன்சுக்கு ஆறு. 16 போரில் எஸ்.ஜி. போட்டால் ஒன்றிரண்டு சன்னம் குறையும். அந்த ஒன்றிரண்டுக்காகத்தான் ஊர் முழுக்க 12 போர், 12 போர் என்று அடித்துக்கொள்கிறது.

இனி உதைக்கு வருவோம். சன்னம் முன்னே போகிற வேகத்தையும் அதன் எடையையும் பெருக்கினால் வருகிற அளவு, துவக்கு பின்னே வருகிற வேகத்தையும் துவக்கின் எடையையும் பெருக்கினால் வருகிற அளவுக்குச் சமம். மருந்து எரிந்து குழல்வாயால் சீறுகிற வாயுவையும் சன்னத்தின் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளவேண்டும். 30 கிராம் சன்னம், மூன்று கிலோத் துவக்கு என்று வைத்தால் பிடங்கு தோளை நோக்கி விநாடிக்குச் சுமார் 4.3 மீற்றர் வேகத்தில் வரும். அதே தோட்டாவை இரண்டரைக் கிலோத் துவக்கில் போட்டால் வேகம் ஐந்து மீற்றரைத் தாண்டும். விநாடிக்குப் பதினைந்து அடி, அதாவது நாலரை மீற்றர் அளவைத் தாண்டினால் தலையிடி தொடங்கும் என்று பழைய துவக்கு நூல்களில் ஒரு கணக்கு உண்டு. தோள் நோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கழுத்து வெட்டி இழுபட்டு மண்டைக்குள் வருகிற இடி அது. இலேசான ஒற்றைக்குழலில் கனத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பேர்மிங்காமில் துவக்குச் செய்த டபிள்யூ. டபிள்யூ. கிறீனர் இதற்கு ஒரு விதி வைத்தார்: சன்னத்தின் எடையைப்போல் தொண்ணூற்றாறு மடங்கு துவக்கு இருக்கவேண்டும். ஒரு அவுன்சு சன்னத்துக்கு ஆறு இறாத்தல் துவக்கு. 30 கிராமுக்கு ஏறக்குறைய 2.9 கிலோ. 36 கிராம் போடுகிற கனத்த தோட்டாவுக்கு ஏறக்குறைய 3.5 கிலோ வேண்டும். எந்தத் துவக்கைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் போட்டுப் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். துவக்கின் விலை, குழலின் நீளம், செதுக்கிய மான் படம் எல்லாம் அதற்குப் பிறகு.

எடையின் அருமை பழைய வேட்டைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைக் காடுகளில் யானை சுட்டுத்திரிந்த சாமுவேல் பேக்கரின் துவக்குப் பட்டியலைப் படித்தால் தலை சுற்றும். நாலு அவுன்சுக் குண்டு போடுகிற ஒற்றைக்குழலின் எடை 21 இறாத்தல். இரண்டு அவுன்சுக்காரனின் எடை 16. வழக்கமாகத் தூக்குகிற 10 போர் இரட்டைக்குழல்கள் ஒவ்வொன்றும் 15 இறாத்தல். இவற்றைக் காட்டுக்குள் சுமக்க ஆட்கள் இருந்தார்கள். சுமந்தவர்களின் தோளைப் பற்றி அவர் கணக்கு எழுதவில்லை. பிறகு ஆபிரிக்காவுக்குப் போகும்போது அரை இறாத்தல் குண்டு போடுகிற ஒன்றைச் செய்வித்து, அதற்குக் ‘குழந்தை’ என்று பெயரும் வைத்தார். சுடும்போது அது ஆளையே சுழற்றிவிடுமாம். மலைபோன்ற உடம்புக்காரரான பேக்கரே அந்தக் குழந்தையைத் தூக்கப் பயந்திருக்கிறார். நம்மூர்ப் பொடியன்கள் ஐம்பத்தைந்து கிலோ உடம்பை வைத்துக்கொண்டு, கடையிலே இருக்கிறதில் ஆகப் பலமான தோட்டா எது என்று கேட்கிறார்கள்.

என் மனம் இன்றைக்கும் 16 போர் பக்கம்தான். மெல்லிய துவக்கு, 26 கிராம் சன்னம், 2.8 கிலோ எடை. பின்னே வருகிற வேகம் விநாடிக்கு நாலு மீற்றரைச் சுற்றித்தான் நிற்கும். இரவு முழுக்கப் பரணில் மடியில் கிடத்தி வைத்தாலும் தொடை மரத்துப்போகாது. ஆனால் ஆசையை வைத்துத் துவக்கு வாங்க முடியாது. 16 போர்த் தோட்டா தேடி அலைந்தவர்களுக்கு அந்த அலைச்சல் தெரியும். 12 போருக்குத் தோட்டா கிடைக்கும். 16 போருக்கு, அடுத்த முறை பார்ப்போம் என்ற பதில் கிடைக்கும். தோட்டா இல்லாத துவக்கு வெறும் உலக்கை. ஆகவே 12 போர் எடு, அதற்குள் 16 போரின் அளவைப் போடு என்று சொல்வதே வழக்கமாகிவிட்டது. 28 கிராம் தோட்டா 12 போரிலும் வருகிறது. மூன்றேகால் கிலோத் துவக்கில் அது ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகும். பன்றிக்கு வித்தியாசம் தெரியாது.

கைத்துப்பாக்கிக்காரர்கள் இந்த வழியை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 1935இல் ஸ்மித் அண்ட் வெஸன் .357 மக்னம் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவை நீட்டிச் செய்ததுதான் அது. அதனால் .357 ரிவால்வரின் அறைக்குள் .38 ஸ்பெஷலும் நன்றாகப் போய் உட்காரும். கனத்த ரிவால்வரை வாங்கி, பழகுவதற்கு .38 போட்டு, தேவைப்பட்டால் மட்டும் மக்னம் ஏற்றுகிறவர்கள் அன்றிலிருந்து இருக்கிறார்கள். பலர் மக்னம் பக்கம் திரும்புவதே இல்லை. பெரிய அறை, சின்ன வெடி, கனத்த உடல். கையில் அடங்குகிற ரிவால்வருக்கு இதைவிட நல்ல சூத்திரம் எனக்குத் தெரியாது. அதற்கு மறுதலையாக, காற்சட்டைப் பைக்குள் போடுவதற்கென்று 350 கிராம் எடையில் .357 ரிவால்வர்களும் வந்தன. அவற்றில் முழு மக்னம் போட்டால் முதல் வெடியிலேயே உள்ளங்கை எரியும். சுடுகிறவனைத் தண்டிக்கிற ஆயுதம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிரித்தானியப் பட்டாளம் இதே சிக்கலில் மாட்டிய கதை இன்னும் சுவையானது. முதலாம் உலகப் போரில் அவர்களுடைய அதிகாரிகளின் இடுப்பில் இருந்தது .455 வெப்ளி, ஆறாம் மாதிரி. 1915இல் வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, 17 கிராம் குண்டு. போர் முடிந்ததும் உட்கார்ந்து யோசித்தார்கள். நீண்டநாள் பயிற்சி எடுத்தவனுக்கு இது நல்ல ஆயுதம், ஆனால் அவசரத்தில் சேர்த்துக்கொண்ட ஆளுக்கு இதைப் பழக்கி எடுக்க முடியவில்லை. ஆகவே .38 அளவுக்கு இறங்கி, குண்டை மட்டும் அந்த அளவுக்குக் கனமாக, 200 கிறெயின், 13 கிராம் ஆக்கினார்கள். அப்படி வந்ததுதான் 1930களின் தொடக்கத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட என்ஃபீல்ட் இரண்டாம் இலக்க ரிவால்வர். அதன் எடை 770 கிராம் அளவில்.

இதைக் கணக்கில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஒரு வேடிக்கை தெரிந்தது. இரண்டு குண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகின்றன, விநாடிக்கு 190 மீற்றர் அளவில். குண்டின் எடையைக் குறைத்தவர்கள் ரிவால்வரின் எடையையும் அதே அளவில் குறைத்ததால், கை நோக்கிப் பின்னே வருகிற வேகம் இரண்டிலும் மூன்று மீற்றரைச் சுற்றித்தான் நிற்கிறது. உதையின் சக்தி மட்டும் ஏறக்குறையக் கால்பங்கு குறைந்திருக்கிறது. பழைய கனத்த உடலிலேயே அந்தச் சின்னத் தோட்டாவைப் போட்டிருந்தால் உதை பாதியாகியிருக்கும். ஆனால் நாள் முழுக்க இடுப்பில் சுமக்கிறவன் வேறு கணக்குப் போடுவான். ஒரு நாளில் சுடுவது ஒரு நிமிடமும் இல்லை, சுமப்பது பதினாறு மணித்தியாலம். எந்தத் துவக்கு எடுத்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கவேண்டியிருக்கிறது.

இந்தியாவில் சட்டமே இதைத் தீர்த்துவிடுகிறது. அங்கே பொதுமக்கள் அனுமதியோடு வாங்கக்கூடியது பெரும்பாலும் .32 ரிவால்வர். கான்பூர்த் தொழிற்சாலை 2014இல் ‘நிர்பீக்’ என்று பெண்களை மனதில் வைத்து அரைக் கிலோ எடையில் ஒன்றைக் கொண்டுவந்தபோது அதன் விலையைப் பற்றியும் அது வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றியும் நிறையப் பேச்சு எழுந்தது. .32 சின்னத் தோட்டா என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. சின்னது என்பதால்தான் அரைக் கிலோவிலும் அது கைக்கு அடங்குகிறது.

இங்கே போடியார் வீட்டுப் பரம்பரையில் வந்த நண்பர் ஒருவர், “மச்சான், ரிவால்வர் ஒண்டு இருந்தா இடுப்பில வச்சுக்கொண்டு வட்டையெல்லாம் சுத்தலாமே” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பயிர்க்காவல் என்று எழுதிக்கொடுத்து ரிவால்வர் எடுக்க முடியாது என்பது ஒரு பக்கம். குட்டைக் குழலும் தாங்குவதற்குத் தோள் இல்லாத பிடியும் உள்ள ஒன்றை வைத்துக்கொண்டு, ராவில் இருபது யாரில் ஓடுகிற பன்றியை என்ன செய்வது? “பண்டி சிரிக்கும் மச்சான்” என்றேன். அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

கணக்கில் வராத ஒன்று பிடங்கின் நீளம். நம் பக்கத்தில் கைமாறி வருகிற பழைய துவக்குகளில் பல, ஆறடி வெள்ளைக்காரனின் கைக்கு அளந்து செய்தவை. நம் ஆள் அதைத் தோளில் ஏற்றினால் பிடங்கின் நுனி தோளின் குழியில் உட்காராது, புயத்தில் போய் நிற்கும். அங்கே வாங்குகிற உதையில் புயம் கறுத்துவிடும். பிடங்கு குட்டையாக இருந்தால் வேறு வினை: பிடங்கின் கழுத்தைச் சுற்றிப் பிடித்த பெருவிரல் மூக்கில் இடிக்கும். பார்ப்பதற்கு எளிய வழி இருக்கிறது. முழங்கையை மடித்து, பிடங்கின் அடியை முழங்கை மடிப்பில் வைத்துப் பிடித்தால், விரலின் முதல் கணு விசையில் போய் நிற்கவேண்டும். இது கடைசி முடிவு அல்ல, தொடக்கம். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறக்கும்போது குழலின் மேற்பரப்பு நேராகத் தெரிந்தால் துவக்கு உனக்குப் பொருந்துகிறது. குழலின் பக்கவாட்டோ கழுத்தை நீட்டித் தேடவேண்டிய இடமோ தெரிந்தால் பொருந்தவில்லை. கன்னத்துக்குப் பொருந்தாத துவக்கில் சின்னத் தோட்டாவும் உதைக்கும். பொருந்திய துவக்கில் கனத்த தோட்டாவும் தள்ளிவிட்டுப் போகும். மரவேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பிடங்கை அரை அங்குலம் வெட்டி இறப்பர் அட்டை ஒன்று வைப்பது, புதுத் துவக்கு வாங்குவதைவிட எத்தனையோ மலிவு.

யுத்தம் தொடங்கிய எண்பதுகளில் இங்கே துவக்குகள் எல்லாம் வீட்டை விட்டுப் போயின. சிலவற்றை அரசு திருப்பி வாங்கியது, சிலவற்றை ராவில் வந்தவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு தலைமுறை துவக்குப் பழகாமலே வளர்ந்தது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் இன்றைக்கு அனுமதிப்பத்திரத்தோடு துவக்கைக் கையில் வாங்குகிற முப்பது வயதுக்காரனுக்கு, வெடி வைக்க முன்பு கண்ணைச் சிமிட்டுகிற பழக்கம் இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை.

அந்தச் சிமிட்டலைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பரீட்சை உண்டு. சுடுகிறவனுக்குத் தெரியாமல், பாதுகாப்பான இடத்தில், நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றை ஏற்றிக் கொடுக்கவேண்டும். விசை இழுத்ததும் ‘டிக்’ என்று சத்தம் மட்டும் வரும். வெடி இல்லை, உதை இல்லை. அப்படியிருந்தும் குழல்வாய் கீழே குத்தினால், தோள் முன்னே துள்ளினால், அந்த ஆள் உதைக்குப் பயந்து துவக்கைத் தானே தள்ளுகிறான் என்று அர்த்தம். போன மாரிக்கு என் மருமகன் முறையான ஒரு பொடியன் 36 கிராம் தோட்டாப் பெட்டியோடு வந்தான். “மாமா, ஒண்டுமில்ல, நான் தாங்குவன்” என்றான். வெற்றுத் தோட்டாவுக்கு அவனுடைய குழல் ஒரு சாண் தாழ்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். 28 கிராமுக்கு மாறிய பிறகு ‘டிக்’ சத்தத்துக்குக் குழல் அசையாமல் நின்றது. இவ்வளவு காலமும் பன்றிகள் தப்பியதற்கு என்ன காரணம் என்று அவனுக்குச் சொல்லவேண்டிய தேவை வரவில்லை.

பழைய துவக்கு எடுக்கிறவர்கள் இன்னும் இரண்டைக் கட்டாயம் பார்க்கவேண்டும். முதலாவது, அறையின் நீளம். பழைய ஆங்கிலேயத் துவக்குகளின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செய்தது. இன்றைய தோட்டாக்களில் பல இரண்டே முக்கால் அங்குலம். ஏற்றும்போது அது உள்ளே போகும், துவக்கும் பூட்டும். அதுதான் பொல்லாத பகுதி. வெடித்து வாய் விரியும்போது அதற்கு இடம் போதாமல் அழுத்தம் ஏறும், உதையும் ஏறும். தோட்டா உள்ளே போகிறது என்பதை வைத்து அது அந்தத் துவக்கின் தோட்டா என்று எடுத்துவிடக்கூடாது. இரண்டாவது, குழலின் அடியில் உள்ள முத்திரை. பேர்மிங்காமின் பரிசோதனைச் சாலை 1813இலிருந்து துவக்குகளுக்கு முத்திரை குத்துகிறது. 1904க்குப் பிறகு புகையில்லா மருந்துக்குச் சோதித்தவற்றில் ‘என்.பி.’ என்ற எழுத்துகள் இருக்கும். அது இல்லாமல், குழலில் சுருள் சுருளாகக் கோலம் தெரிந்தால், கரிமருந்துக் காலத்துத் துவக்கு அது. சுவரில் மாட்டி வையுங்கள். ஊரில் சுற்றுகிற இடியன் துவக்குகளைப் பற்றி இந்தக் கட்டுரையில் பேசப்போவதில்லை. அவற்றுக்கு முத்திரையும் இல்லை, கணக்கும் இல்லை, சட்டமும் இல்லை. பலருடைய விரல்களும் இல்லை.

வாவியின் உப்புக்காற்று குழலை விடாது. கடற்பக்கமான எழுவான்கரையில் வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். தேங்காயெண்ணெய் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மார்கழிக் குளிரில் உறைந்து, தூசியைப் பிடித்து, விசைக்குள் களிம்பாகிவிடும். தையல் மெசின் எண்ணெய் மெல்லிய துணியில் இரண்டு சொட்டுப் போதும். குழலுக்குள் துரு சொரசொரவென்று ஏறினால் சன்னம் ஒழுங்காகச் சிதறாது. பிறகு துவக்கில் பலமில்லை என்று சொல்லிக்கொண்டு இன்னும் கனத்த தோட்டாவுக்குப் போவார்கள், உதை கூடும், சிமிட்டல் கூடும். துணியும் எண்ணெயும் தோட்டாவைவிட மலிவு என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்பவர் குறைவு.

கடைசியாக, காசு எண்ணிக் கொடுப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அறையைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, ஆளில்லாத பக்கம் குழலைத் திருப்பித் தோளில் ஏற்றி, முப்பது எண்ணுமட்டும் அசையாமல் பிடித்திருங்கள். இருபதிலேயே குழல்வாய் தாழத் தொடங்கினால் துவக்கு உங்களுக்குக் கனம். கனமே தெரியாமல் முப்பதைத் தாண்டினால், வாங்கப்போகிற தோட்டாவின் பெட்டியைத் திருப்பி அதில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். 28க்கு மேல் இருந்தால் கடைக்காரரிடம் வேறு பெட்டி கேளுங்கள்.